வேண்டாம் என்று சொன்னால் பாவமா?

என் அக்காவுக்கு 63 வயது. தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருக்கிறாள். வெளியாட்கள் இருந்தால் என்னைச் சாமி என்பாள், வீட்டுக்குள் தம்பி. போன வருடம் ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது இடது கண்ணின் ஓரம் மங்கலாகத் தெரிகிறது என்றாள். கண் மருத்துவர் சோதித்துவிட்டு, கண்ணில் கோளாறு இல்லை, தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்றார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது கழுத்துத் தமனி மண்டையோட்டுக்குள் நுழைந்து, பார்வை நரம்பை ஒட்டித் திரும்புகிற இடத்தில் புடைத்திருந்தது. 17 மில்லிமீட்டர். வெடிக்கவில்லை.

மதுரையில் மூளை நரம்பியல் அறுவை மருத்துவரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, கோவில்பட்டி தாண்டும்வரை அவள் வாயே திறக்கவில்லை. பிறகு கேட்டாள்: "இத வேண்டாம்னு சொல்லிட்டா பாவமா, தம்பி?"

நான் குருமடத்தில் அறநெறி இறையியல் நடத்தியவன். அவள் கேட்ட கேள்வி என் பாடத்தில் ஒரு அத்தியாயம். திருச்சபை அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லிவருகிறது. இருந்தும் அந்தப் பதிலை அப்படியே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட முடியாது என்று எனக்குப் பட்டது. அந்தப் பதில் படுக்கையில் கிடக்கும் நோயாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. என் அக்கா காலையில் எழுந்து மார்க்கெட்டுக்குப் போய்வருகிறாள், மாடிப்படி ஏறுகிறாள், சனிக்கிழமைதோறும் கோயில் கூட்டுகிறாள். இன்னும் வராத ஒரு கேட்டுக்காக, இன்று நன்றாக இருக்கும் உடம்பை ஆபத்துக்கு ஒப்புக்கொடுக்கும் கடமை மனிதருக்கு உண்டா? அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அவள் முன்னால் வைக்கப்பட்ட வழிகளைச் சொல்லவேண்டும். மருத்துவம் தெரியாமல் அறநெறி பேசுவதில் அர்த்தமில்லை.

மூளைத் தமனியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, சைக்கிள் ட்யூபின் நைந்த இடம்போல வெளியே தள்ளிக்கொள்வதை அனியூரிசம் என்கிறார்கள். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் தலையில் ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். பெரும்பாலானவை சிறியவை. அவர்கள் அதை அறியாமலே வாழ்ந்து வேறு காரணத்தால் இறந்துபோவார்கள். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரியது, 25ஐத் தாண்டினால் ராட்சதம்.

முதல் வழி, எதுவும் செய்யாமல் கவனித்து வருவது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, புகைப்பவராக இருந்தால் அதை நிறுத்தி, குறிப்பிட்ட இடைவெளியில் படமெடுத்து வளர்கிறதா என்று பார்ப்பது.

இரண்டாவது, மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி 1937இல் வெள்ளிக் கிளிப் வைத்துத் தொடங்கிய முறை இது. கிளிப் சரியாக விழுந்துவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்தது. ஆனால் அக்காவுக்கு இருந்த இடம் கடினமானது. பார்வை நரம்புக்குப் பக்கத்தில் எலும்பைக் குடைந்து எடுக்கவேண்டும். எதிர்பாராமல் ரத்தம் பீறிட்டால் அடைப்பதற்காகக் கழுத்திலும் தமனியைத் திறந்து தயாராக வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாகக் குழாய் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினம் கம்பிச்சுருளை நிரப்புவது. லாஸ் ஏஞ்சல்ஸில் குய்தோ குலியெல்மி 1990இல் முதல் நோயாளிக்கு வைத்த காயில் இதுதான். சிறிய புடைப்புக்கு நல்ல வழி. பெரியதில், வருடம் போகப்போக ரத்தத்தின் வேகத்தில் சுருள் அமுங்கி, புடைப்பு மறுபடி திறந்துகொள்வதுண்டு. நரம்பை அழுத்தும் பாரமும் உள்ளேயே கிடக்கும்.

நான்காவது, ஃப்ளோ டைவர்ட்டர். புடைப்புக்குள் எதையும் வைக்காமல், தமனிக்குள்ளேயே நெருக்கமாகப் பின்னிய ஒரு உலோகவலைக் குழலைப் பொருத்திவிடுகிறார்கள். ரத்தம் நேர்வழியில் ஓடும். புடைப்புக்குள் தேங்கிய ரத்தம் மாதக்கணக்கில் உறைந்து, சுருங்கி, வலையின்மேல் புதிய சுவர் படரும். இதற்கு அமெரிக்காவில் 2011இல் அனுமதி கிடைத்தது, கழுத்துத் தமனியின் இந்தப் பகுதியில் வரும் பெரிய, ராட்சதப் புடைப்புகளுக்காகவே. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் இருந்தவர்கள் 108 பேர், புடைப்பின் சராசரி அளவு 18 மில்லிமீட்டரை ஒட்டி. ஆறு மாதத்தில் 73.6 சதவீதம் புடைப்புகள் முழுதாக அடைபட்டிருந்தன. 5.6 சதவீதம் பேருக்குப் பெரிய பக்கவாதம் அல்லது அதனால் மரணம். வலை வைத்தவர் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் பல மாதங்கள் தவறாமல் விழுங்கவேண்டும். ஒருநாள் மறந்தாலும் வலைக்குள் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து உண்டு. இவை எதுவும் முடியாதபோது தமனியையே அடைத்துவிடுவது, வேறு நாளத்தைத் தைத்து மாற்றுப்பாதை போடுவது என்ற கடைசி வழிகளும் இருக்கின்றன. அக்காவுக்கு அவை தேவைப்படாது என்றார் மருத்துவர்.

அவர் நிதானமானவர். ஒவ்வொன்றையும் காகிதத்தில் வரைந்து காட்டினார். கடைசியில், "நீங்கதான்மா முடிவு பண்ணணும்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பலரும் இதைக் கைகழுவுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது பெரிய மரியாதையாகத் தோன்றியது.

இனி அந்த நானூறு ஆண்டுப் பதில்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமங்காவில் பாடம் நடத்திய டொமினிக்கன் துறவி பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா இதைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறார். கோழியும் கௌதாரியும் தின்றால் இன்னும் இருபது வருடம் இருப்பாய் என்று மருத்துவர் சொல்கிறார். நோயாளியோ ஊரார் சாப்பிடுவதையே சாப்பிட்டு அதற்கு முன்னால் இறந்துபோகிறார். அவர்மேல் குற்றமில்லை என்பது வித்தோரியாவின் தீர்ப்பு. உயிர் கடவுள் தந்தது, அதைப் பேணுவது கடமை. ஆனால் எந்த விலை கொடுத்தாவது, எந்த வழியிலாவது நீட்டுவது கடமை இல்லை. 1595இல் அதே மரபைச் சேர்ந்த தொமிங்கோ பான்யெஸ், கடமையான வழிகளைச் சாதாரணமானவை என்றும் கடமையில்லாதவற்றை அசாதாரணமானவை என்றும் பிரித்தார். அன்றிலிருந்து இந்தப் பிரிவு எங்கள் துறையில் நிலைத்துவிட்டது.

அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் பெரும்பாலும் அறுவைதான், காலை வெட்டி எடுப்பது. ஈதர் மயக்கத்தில் அறுவை செய்வது 1846இல்தான் பாஸ்டனில் ஊர் அறியக் காட்டப்பட்டது. அதற்கு முந்திய காலத்தில் மனிதர் விழித்திருக்கும்போதே ரம்பம் எலும்பில் இறங்கும். அதைத் தாங்கிக்கொள் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றார்கள் அந்தத் துறவிகள். கட்டாயத்தை நீக்கும் காரணங்களையும் எடுத்துச் சொன்னார்கள்: தாங்கமுடியாத வலி, குடும்பத்தை முறிக்கும் செலவு, ஊரைவிட்டு வெகுதூரம் போகவேண்டிய நிலை, பயன் நிச்சயமில்லாமை. அவற்றோடு நெஞ்சை உலுக்கும் அச்சத்தையும் சேர்த்தார்கள். இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் அன்பு மிகும். பயப்படாதே, விசுவாசம் இருந்தால் பயம் வராது என்று அவர்கள் சொல்லவில்லை. பயத்தையும் ஒரு பாரமாகத் தராசில் வைத்தார்கள்.

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957 நவம்பர் 24 அன்று மயக்கமருந்து மருத்துவர்களிடம் பேசியபோது இதே மரபை நம் காலத்துக்குக் கொண்டுவந்தார். ஆள், இடம், காலம் இவற்றைப் பொறுத்தே எது சாதாரணம் என்பது அமையும் என்றார். 1980இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை இன்னும் தெளிவாகப் பேசியது. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, செலவு, கிடைக்கக்கூடிய பலன், நோயாளியின் உடல்பலம், மனபலம் எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும். பாரமான சிகிச்சையை ஒருவர் மறுப்பதைத் தற்கொலையோடு சேர்க்கக் கூடாது.

ஆகவே பஸ்ஸிலேயே அக்காவுக்குச் சொல்லிவிட்டேன், பாவமில்லை என்று. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் உறவினர் ஒருவர், ஆபரேஷன் செய்யாவிட்டால் அது தற்கொலைக்குச் சமம் என்று அவளைப் பயமுறுத்தியிருந்தார். அது திருச்சபையின் போதனை இல்லை. அச்சத்தில் இருப்பவளின் தலையில் பாவத்தையும் ஏற்றுவது கொடுமை.

ஆனால் அதே மரபு இன்னொன்றும் சொல்கிறது. ஒருவருக்கு அசாதாரணமாக இருக்கும் சிகிச்சையும், அவர் பிறருக்கு இன்றியமையாதவராக இருந்தால், கடமையாக மாறக்கூடும். அக்காவின் மூத்த மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். 34 வயது. கணவர் இறந்துவிட்டார், மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருடத்தில் பாதி நாள் கடலில். அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டுவதும், தலைவாரி விடுவதும், இரவில் பக்கத்தில் படுப்பதும் அக்காதான். அக்கா இல்லாத இரவில் அவள் தூங்குவதில்லை. இந்த உண்மை மருத்துவ ஆய்வு எதிலும் வராது. ஆனால் அறநெறித் தராசில் இது எல்லாவற்றையும்விடக் கனமானது.

இது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் சிக்கல். மகளுக்காக அக்கா வாழவேண்டும், அதனால் சிகிச்சை செய்துகொள்ளவேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். மகளுக்காக அக்கா இன்றைக்கு நடமாடவேண்டும், சிகிச்சையில் கைகால் விழுந்துவிட்டால் என்ன செய்வது, அதனால் தொடாமல் விடவேண்டும் என்று இன்னொருவர் அதே அன்போடு சொல்லலாம்.

இங்கேதான் எண்கள் வருகின்றன. வெடிக்காத அனியூரிசம் பற்றிய பன்னாட்டு ஆய்வொன்றின் முடிவுகள் 2003இல் லான்செட் இதழில் வந்தன. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு. மூளையின் முன்பகுதி ரத்த ஓட்டத்தில், முன்பு ரத்தக்கசிவு இல்லாதவர்களுக்கு, ஐந்தாண்டுக்குள் வெடிக்கும் வாய்ப்பு 7 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஏறக்குறைய இல்லை. 7 முதல் 12 வரை 2.6 சதவீதம். 13 முதல் 24 வரை 14.5. 25ம் அதற்கு மேலும் 40. அதே ஆய்வில் சிகிச்சை செய்துகொண்டவர்களிலும், ஓராண்டு முடிவில் நூற்றில் பத்துப் பேரை ஒட்டி இறந்தோ, உடலிலோ நினைவாற்றலிலோ ஊனம் அடைந்தோ இருந்தார்கள். சிறிய புடைப்புக்கு விட்டுவிடுவது நல்லது என்பதும், பெரியதற்கு யோசிக்கவேண்டும் என்பதும் இதிலிருந்து வருகிறது. ஆனால் 14.5ஐயும் பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு எது பெரியது என்று பார்த்தால் முடிவு கிடைத்துவிடாது. ஒன்று ஐந்து ஆண்டுகளில் பரவிக் கிடக்கும் ஆபத்து. மற்றொன்று ஒரே காலைநேரத்தில் குவிந்து நிற்கும் ஆபத்து. ஒன்று தானாக வருவது, மற்றொன்று நாம் கையெழுத்துப் போட்டு வரவழைப்பது.

இந்தச் சதவீதக் கணக்குக்கும் என் துறைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1654இல் பிளேஸ் பாஸ்கல் ஃபெர்மாவோடு நடத்திய கடிதப் போக்குவரத்தில்தான் நிகழ்தகவுக் கணிதம் உருப்பெற்றது என்பார்கள். அதே பாஸ்கல் இரண்டு வருடம் கழித்து, அறநெறிச் சிக்கல்களுக்குத் தளர்வான தீர்ப்புச் சொன்ன இயேசு சபையினரைத் தாக்கிக் கடிதங்கள் எழுதினார். அவருடைய நண்பர்கள் ஆர்னோவும் நிக்கோலும் 1662இல் வெளியிட்ட தர்க்க நூலில், இடியைக் கண்டு அளவுமீறி நடுங்குகிறவர்களைப் பற்றி ஒரு இடம் வருகிறது. ஒரு தீங்குக்கு அஞ்சும்போது அது எவ்வளவு பெரியது என்பதோடு, வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஜெபித்தவர்கள், உபவாசம் இருந்தவர்கள் எழுதியது இது. எண்ணை எடைபோடுவது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

நம் ஊரில் எண்ணுக்கு வேறொரு கதி நேர்கிறது. தெருவில் ஒருத்தி அக்காவிடம், "தலையெழுத்து எதுவோ அதுதான் நடக்கும், நூத்துக்குப் பதினஞ்சுன்னு உங்க தலையில எழுதியிருக்கு" என்றாளாம். ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வருகிறவள்தான். தலையெழுத்து என்ற எண்ணம் நம் மண்ணில் மதம் பார்க்காமல் ஓடுகிறது. திருக்குறளில் ஊழுக்கு ஒரு அதிகாரம் இருக்கிறது, ஆள்வினையுடைமைக்கும் ஒன்று இருக்கிறது. நாம் வாழ்க்கையில் பெரும்பாலும் முதலாவதை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

சதவீதம் தலையெழுத்து ஆகாது. தலையெழுத்து எனக்கு மட்டும் உரியது, மாறாதது, நான் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. சதவீதம் என்னைப் பற்றிப் பேசவே இல்லை. என்னைப் போன்ற பலரைப் பற்றிப் பேசிவிட்டு, இனி நீ யோசி என்று விலகிக்கொள்கிறது. ஆய்வுக்கு அக்கா நூற்றில் ஒருத்தி, கடவுளுக்கு அக்கா ஒருத்தி. அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று முடிவெடுப்பது அக்காவின் மனச்சாட்சி. தாமஸ் அக்குவினாஸ் விவேகம் என்னும் நற்பண்பின் கூறுகளைச் சொல்லும்போது முன்னோக்கிப் பார்ப்பதையும் சேர்க்கிறார். வருங்காலம் நிச்சயமாகத் தெரிந்திருந்தால் விவேகத்துக்கு வேலையே இருக்காது.

இன்னொரு தரப்பையும் சொல்லவேண்டும். ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவர் வீட்டுக்கு வந்து, மருத்துவரைத் தேடுவது ஆண்டவரை நம்பாததற்கு அடையாளம் என்றார். யூதாவின் அரசன் ஆசா கால்நோயில் ஆண்டவரை நாடாமல் மருத்துவரை நாடினான் என்று குறிப்பேடு இரண்டாம் நூலில் வருவதைக் காட்டினார். வசனம் இருப்பது உண்மை. அங்கே குற்றம், அவன் ஆண்டவரை நாடாதது. அதே பழைய ஏற்பாட்டில் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் நோயாளியிடம், மன்றாடு, பாவத்தை விடு, காணிக்கை செலுத்து, அதன்பின் மருத்துவருக்கும் இடங்கொடு, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்ற பொருளில் பேசுகிறது. ஆண்டவர் தாங்கிக்கொள்வார், கோவில் உச்சியிலிருந்து குதி என்று சொன்னது சாத்தான். இருக்கிற படியை விட்டுவிட்டுக் குதிப்பதைத் தேர்ந்தெடுப்பது நம்பிக்கை ஆகாது. கடவுளைச் சோதித்துப் பார்ப்பது அது.

இதில் ஒன்றைக் கண்டிப்பாகப் பிரித்துச் சொல்வேன். ரத்த அழுத்த மாத்திரை விழுங்குவதும், புகையிலையை விடுவதும், சொன்ன தேதியில் படம் எடுப்பதும் எந்த அளவுகோலில் பார்த்தாலும் சாதாரண வழிகள். அவை கடமை. காரணமில்லாமல் அவற்றை உதறுவது தவறு. மண்டையைத் திறப்பதோ தமனிக்குள் வலை வைப்பதோ மனிதரின் சுதந்திரத்துக்கு விடப்பட்டது. நான் பார்த்த குடும்பங்கள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கிறது. ஆபரேஷனுக்குக் கடன் வாங்கவும் துணிகிறார்கள், பிரஷர் மாத்திரையை மாதக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள்.

அக்காவுக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. அதை அவள் என்னிடம் தயங்கித்தான் சொன்னாள். "வெடிச்சா ஒரே போக்கா போயிருவேன்ல. படுக்கையில கெடந்து யாருக்கும் பாரமா இருக்க வேண்டாம்ல." தூக்கத்திலேயே போய்விட்டார், நல்ல சாவு என்று நாம் துக்கவீட்டில் சொல்கிறோம். எங்கள் பாட்டிமார் அப்படி நினைக்கவில்லை. புனிதர்களின் பிரார்த்தனையில் சடுதி மரணத்திலிருந்து காக்கும்படி வேண்டுவார்கள், நல்ல மரணத்துக்காகப் புனித சூசையப்பரை மன்றாடுவார்கள். பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, பிள்ளைகளிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போவதுதான் அவர்களுக்கு நல்ல சாவு. இரண்டில் எது சரி என்று வாதிட நான் வரவில்லை. அக்கா நினைத்ததில் இருந்த தகவல்பிழையை மட்டும் சொன்னேன். வெடித்தால் எல்லாரும் உடனே போய்விடுவதில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் பலர் பேச்சிழந்தோ, நடை இழந்தோ, நினைவு குறைந்தோ வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். யாருக்குப் பாரமாக வேண்டாம் என்று நினைக்கிறாளோ அவர்கள்மேலேயே அந்தப் பாரம் விழக்கூடும். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

கடைசியில் அவள் முடிவைத் தீர்மானித்தது அந்தக் கண். மருத்துவர் இரண்டாம் முறை பார்த்தபோது சொன்னார்: வெடிப்பு வராத கேடுதான், ஆனால் பார்வை மங்கியது வந்துவிட்டது, புடைப்பு நரம்பை அழுத்துகிறது. நோயே இல்லாதவள் என்று நான் நினைத்துக் குழம்பியவளுக்கு நோய் தொடங்கிவிட்டிருந்தது. மறுத்தாலும் பாவமில்லை என்ற தீர்ப்பு அதனால் மாறவில்லை. ஆனால் எதுவும் செய்யாமல் இருப்பது, இருப்பதை இருந்தபடி காப்பது என்ற வாதம் பலமிழந்துவிட்டது. சும்மா இருப்பதும் ஒரு செயல்தான், அதற்கும் விலை உண்டு என்பது அவளுக்குத் தானாகவே விளங்கியது.

கிளிப் வேண்டாம் என்றாள். மண்டையைத் திறப்பது அவளால் நினைத்துப் பார்க்க முடியாதது. அந்த அச்சத்தை யாரும் கேலி செய்ய நான் விடவில்லை. வலையைத் தேர்ந்தாள். விலை பல லட்சம். மகன் பாதி கொடுத்தான், மீதிக்கு நகை போனது. பணம் இல்லாததால் ஒருவர் இதை மறுத்தால் அந்தப் பொறுப்பு அவர் மனச்சாட்சியில் ஏறாது என்று மரபு சொல்கிறது. அது அவரைச் சுற்றியிருக்கிற நம் மனச்சாட்சியில் ஏறும் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன்.

முந்தின நாள் மாலை அவளுக்கு நோயில்பூசுதல் கொடுத்தேன். சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரியது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 1972இல் புதுப்பிக்கப்பட்ட சடங்குமுறை, ஆபத்தான நோய்க்காக அறுவை செய்யுமுன் இதைக் கொடுக்கலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. அவள் ஒப்புக்கொடுத்தது அந்த மாலையில்தான். முடிவெடுக்கும்வரை யோசித்தாள், கேட்டாள், சண்டைகூடப் போட்டாள். முடிவெடுத்த பிறகு, "இனி அவர் பாத்துக்கிடட்டும்" என்றாள். ஆண்டவரிடம் ஒப்படைத்தல் இந்த வரிசையில் வரும்போதுதான் எனக்கு அது முழுமையாகப் படுகிறது. யோசிக்காமல் ஒப்படைப்பவர், தன் பங்கு வேலையையும் சேர்த்து அவர் தலையில் கட்டுகிறார்.

ஆறாம் மாத ஆஞ்சியோகிராமில் புடைப்பின் அடியில் இன்னும் கொஞ்சம் ரத்தம் ஓடுவது தெரிந்தது. பெரும்பகுதி அடைபட்டுவிட்டது. மங்கல் கூடவில்லை, குறையவும் இல்லை. இரண்டு மாத்திரையையும் இரவு ஜெபத்துக்கு முன்னால் விழுங்குகிறாள், மகள் நினைவுபடுத்துகிறாள். நாளைக்கு என்ன ஆகும் என்று மருத்துவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். நன்றாக முடிந்தால் அவள் முடிவு சரி, கெட்டுப்போனால் தப்பு என்று யாராவது பின்னால் பேசினால் அதை நான் ஏற்கமாட்டேன். தெரிந்த அளவுக்குத் தெரிந்துகொண்டு, நேசிக்கிறவர்களை முன்னால் வைத்து, பயத்தை மறைக்காமல் எடுத்த முடிவு அது. வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாலும் இதே வார்த்தைகளைத்தான் எழுதியிருப்பேன்.

பங்குகளில் இருக்கும் என் சகோதரக் குருக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கேள்வியோடு யாராவது வந்தால், பாவமா இல்லையா என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அளவு என்ன, இடம் எது, கண்ணிலோ பேச்சிலோ மாற்றம் உண்டா, வீட்டில் அவரை நம்பி யார் இருக்கிறார்கள், கையில் பணம் இருக்கிறதா, எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். முடிந்தால் மருத்துவரிடம் கூடவே போங்கள்.

வாசகர்களிடம் ஒன்று. இவ்வளவு யோசிப்பதற்கும் அக்காவுக்குக் காலம் கிடைத்தது, புடைப்பு வெடிக்காததால். வாழ்நாளில் கண்டிராத கடும் தலைவலி ஒரே நொடியில் இடிபோல இறங்கினால், அதோடு வாந்தியோ கழுத்து விறைப்போ மயக்கமோ வந்தால், ஒரு பக்க இமை திடீரென்று தொங்கினால், சாமியாரிடமும் ஜெபக்கூட்டத்திடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். விடியட்டும் என்றும் இருக்க வேண்டாம். 108க்கு அழைத்து, தலைக்கு ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய்விடுங்கள்.